கயிற்றுக்குக் கீழே சொன்னது

பிட்டர் வெல்ஸ், நெவாடா
11 பிப்ரவரி 1991

அன்புள்ள ஓரினுக்கு,

இங்கே நான் நலம். உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? கடற்கரை ஈரம் மூட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டேன், கேட்டாயா? கிறிஸ்துமஸ் அட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய், அதுவும் மழையைப் பற்றி. இருபத்து நாலு வருஷமாக உன்னிடமிருந்து எனக்கு வருவது வானிலை அறிக்கைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சித்தப்பா மகன் வெண்டல் கூரைப் பனியைத் தள்ள ஏறி, பனியோடு சேர்ந்து தானும் இறங்கிவிட்டான். இடுப்பெலும்பு முறிவு. இந்த ஜூலை விழாவில் தொட்டியில் விழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இருபத்து மூணு வருஷமா விழுந்து எழுந்தவன்டி நான், கடைசியில வீட்டுக் கூரையா என்னைக் கவுக்கணும்?" என்று படுக்கையில் கிடந்து புலம்புகிறான்.

விழாக் கமிட்டி புதிதாக அச்சடித்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு. "1889-இல் குதிரைத் திருடன் அமோஸ் டக்கெட்டைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்தது. குதிரைத் தொட்டிக்குள் விழுந்து உயிர் பிழைத்த அவனை ஊர் மன்னித்தது. ஒவ்வொரு ஜூலை முதல் சனிக்கிழமையும் டக்கெட் வம்சத்தவர் ஒருவர் அதே தொட்டியில் விழுந்து ஊரை மகிழ்விக்கிறார்." கொள்ளுத்தாத்தா திருடியது குதிரை இல்லை, கோவேறு கழுதை. அதுவும் ஒன்றே ஒன்று. ஊர் அருங்காட்சியகத்தை நடத்துகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது ஊரில் விழுவதற்கு ஒரு டக்கெட் ஆண்பிள்ளை கிடையாது. அதனால் ரீனோவிலிருந்து நடிகன் ஒருவனைக் கூட்டி வரப்போகிறார்களாம். மெத்தைக் கடை விளம்பரத்தில் கொட்டாவி விடுகிறானே, அந்த ஆள். நூற்று இரண்டு வருஷம் நம் குடும்பம் நனைந்த தொட்டியில் ஒரு மெத்தைக்காரனா? காலடிப் பலகையைத் திறந்துவிடும் பிடியை இழுக்கப்போவது வழக்கம்போல ஷெரீப் வீட்டுக்காரர்தான். அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக ஆளுக்குப் பஞ்சமில்லை.

நீ வா. பழையதை நினைத்துத் தயங்காதே, அதையெல்லாம் நான் எப்போதோ மறந்தாயிற்று. பதில் போடு. மழையைப் பற்றி வேண்டாம்.

உன் அக்கா,
வெல்டா


அஸ்டோரியா, ஓரிகன்
27 பிப்ரவரி 1991

அன்புள்ள அக்கா,

நலம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, நான் படி ஏறுவதை விட்டுவிட்டேன். உனக்கு இரத்தக் கொதிப்பு குறைந்ததா? வெண்டலிடம் நான் கேட்டதாகச் சொல்.

ஜூலையில் வர முடியாது. சால்மன் பருவம், படகு இயந்திரம் ஒவ்வொன்றும் என் பட்டறை வாசலில் வந்து இருமும். நாய்க்கும் வயதாகிவிட்டது, யாரிடமும் விட முடியாது. மெத்தைக்காரனே விழட்டும். விழுவதற்குத் தோதான தொழில்தானே அவனுக்கு.

நீ மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நீ மறந்ததாகச் சொல்கிற பட்டியலில் நான் ஏழு வயதில் உன் பொம்மையின் முடியை வெட்டியதும் இருக்கிறது. அக்கா, விழுவதற்கு முன்னால் அமோஸாக நிற்கிறவனுக்குக் கடைசிப் பேச்சு உண்டு. ஊரில் யாரை வேண்டுமானாலும் கிழிக்கலாம். வெண்டல் இத்தனை வருஷமும் குப்பை வண்டியைத் திட்டியே சமாளித்தான். எனக்கு ஒரே ஒரு வருஷம் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். 1967-இல் அந்தத் தூக்குமேடைப் பலகை மேல் நின்று நான் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "ஊர்க்காரங்களே, நம்ம ஷெரீப் லாயிட் ஹாலோவே பையில தோட்டா இல்ல. மோதிரம் இருக்கு. எங்க அக்காவுக்கு."

என்னை மறுபடி ஏற்றாதே.

உன் தம்பி,
ஓரின்


பிட்டர் வெல்ஸ்
9 மார்ச் 1991

அன்புள்ள ஓரினுக்கு,

நலம். இரத்தக் கொதிப்பு உன் கடிதம் வரும்வரை குறைந்துதான் இருந்தது. நாய்க்கு என்ன வயது? நாயைச் சாக்காக வைக்கிற மனிதனுக்கு என்ன வயது?

நீயே எடுத்துவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன். அன்று ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு முப்பது வயது. கையில் எலுமிச்சை கேக் தட்டோடு முன்வரிசையில் நிற்கிறேன். லாயிடைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் பிடியில் கை வைத்தபடி மரம்போல நின்றார், என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. என் மனதில் இருந்தது அவர் மனதில் இல்லை. என் ஆசை உனக்கு எப்படியோ தெரிந்து, ஊர் சிரிக்க அதைக் காட்டிக்கொடுத்துவிட்டாய்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. யாராவது கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். நம் ஊர்ச் சட்டம் தெரியுமே: கயிற்றுக்குக் கீழே சொன்னதை அடுத்த ஜூலை வரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஊர் ரகசியமெல்லாம் கொட்டிவிட்டுச் சாகாமல் பிழைத்துத் தொலைத்தாரே, அடிதடி நடக்காமலிருக்க அந்தக் கால ஷெரீப் ஹாலோவே போட்ட சட்டம். மளிகைக் கடையில், தேவாலயத்தில், எல்லோரும் என்னைக் கண்டால் வெயிலைப் பற்றியே பேசினார்கள். லாயிடும் வெயிலைப் பற்றித்தான் பேசினார். இரண்டு தடவைக்குப் பிறகு அவரைக் கண்டாலே நான் தெருவைக் கடந்து போய்விடுவேன். அடுத்த ஏப்ரலில் அவர் வினமக்கா ஊரிலிருந்து டாரிஸைக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல பெண், பாவம். போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

ஆக, மறந்தாயிற்று.

அருங்காட்சியகக் கூரை ஒழுகி, பஞ்சடைத்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டியின் ஒரு தலை நனைந்துவிட்டது. லாயிட் ஹாலோவே ஏணியோடு வந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கேக் கொடுத்து அனுப்பினேன்.

நீ வருகிறாய் என்று கமிட்டியிடம் சொல்லட்டுமா?

வெல்டா


அஸ்டோரியா
20 மார்ச் 1991

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் நாயும்.

ஒன்று கவனித்தேன். பிப்ரவரியில் அவன் "ஷெரீப் வீட்டுக்காரர்". மார்ச்சில் ஒரே கடிதத்தில் மூன்று தடவை லாயிட். இந்த வேகத்தில் போனால் மே மாதம் அவன் சட்டை அளவையும் எழுதுவாய் போலிருக்கிறது. கன்றுக்குட்டியின் இன்னொரு தலையையும் நனைய விடு, இன்னொரு கேக் செலவாகும்.

கோபித்துக்கொள்ளாதே. ஒன்று மட்டும் கேட்கிறேன், நிஜமாகப் பதில் சொல். அந்த நாளைப் பற்றி லாயிட் எப்போதாவது உன்னிடம் வாய் திறந்தானா?

இங்கே பத்து நாளாக மழை.

ஓரின்


பிட்டர் வெல்ஸ்
2 ஏப்ரல் 1991

அன்புள்ள ஓரினுக்கு,

நலம், நலம். என் சட்டை அளவை வேண்டுமானால் எழுதுகிறேன், நீ பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கி அனுப்பியதே இல்லை.

மெத்தைக்காரன் ஒத்திகைக்கு வந்தான். தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் சுட வெச்சுத் தருவீங்களா?" என்று கேட்டான். அடியில் ஒரு மெத்தையும் போட வேண்டுமாம். அவன் கடை மெத்தை, பெயர் வெளியே தெரிகிற மாதிரி. வெண்டல் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து அவனை அடிக்கப் பார்த்தான். நானும் லாயிடும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து உட்கார வைத்தோம்.

கமிட்டி வேலையாக நாங்கள் எல்கோ வரை போக வேண்டி வந்தது. வழியில், ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க்காரர்களின் விடுதியில் நீள மேசையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டோம். பூண்டு அதிகம். லாயிட் வழி முழுக்க ஆறே வாக்கியம்தான் பேசினான், ஆனால் ஆறும் உருப்படியான வாக்கியம்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒரு தடவைகூட இல்லை. முதல் வருஷம் சட்டம். அது முடிந்தபோது அவன் வீட்டில் மனைவி இருந்தாள். இல்லாத மோதிரத்தைப் பற்றி அவன் என்ன பேசுவான்? எதற்குக் கேட்டாய்? ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு மழைக்குள் ஓடி ஒளியாதே.

வெல்டா


அஸ்டோரியா
6 மே 1991

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பித்த நாலு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மாதம் போய்விட்டது. நீ நலமாகத்தான் இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் இருக்க வேண்டும்.

அது கேலி இல்லை. மோதிரம் இருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு லாயிட் என்னைக் குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். "உங்க அக்கா ஒத்துக்குவாளாடா? சாயந்தரம் நடனத்துல கேக்கலாம்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். நான் சத்தியம் செய்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அக்கா. நீ அவனை நினைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று கேக் சுட்டதை அந்த வீட்டில் இருந்து பார்த்தவன் நான். பலகை மேல் நின்றதும், ஊர் முழுக்கக் கீழே நின்று "பேசு, பேசு" என்றதும், வயிற்றில் இருந்தது வாய் வழியாக வந்துவிட்டது. உன்னைச் சிரிக்க வைக்க நினைத்தேன். ஊர்தான் சிரித்தது.

மறுநாள் அவன் என் சட்டையைப் பிடித்தான். "என்ன காரியம்டா பண்ணிட்டே? இனிமே அடுத்த ஜூலை வரைக்கும் நான் அதை எப்படி எடுக்கிறது?" போய்க் கேளுடா, சட்டமாவது மண்ணாவது என்று மன்றாடினேன். "எங்க கொள்ளுத்தாத்தா போட்ட சட்டம். ஹாலோவே நானே மீறினா ஊருல எவன் மதிப்பான்? ஒரு வருஷம்தானே, வெல்டா காத்திருப்பா" என்றான். நீ காத்திருக்க வேண்டும் என்பதே உனக்குத் தெரியாது என்று அந்த மரமண்டைக்கு எட்டவில்லை. நான் உன்னிடம் சொல்ல வந்தபோது நீ கதவைச் சாத்தினாய். மூன்றாவது தடவையும் சாத்தியதும் செப்டம்பரில் வண்டியைக் கிளப்பிவிட்டேன். நீ தெருவைக் கடந்து போனதையே அவன் பதில் என்று எடுத்துக்கொண்டான். ஜனவரியில் எனக்கு ஒரு வரி எழுதினான்: "அவளுக்கு இஷ்டமில்லை, விட்டுவிட்டேன்."

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கு மேல் உனக்கு எழுதி என்ன செய்வது? உன் வயிற்றெரிச்சலைக் கூட்டுவதைத் தவிர? அதனால் மழையைப் பற்றி எழுதினேன்.

இப்போது நீ அவனோடு ஆட்டுக்கறி சாப்பிட்டதாக எழுதுகிறாய். இனியும் மூடி வைத்தால் நான் மனிதனே இல்லை. வேண்டுமட்டும் திட்டு.

ஓரின்


பிட்டர் வெல்ஸ்
14 ஜூன் 1991

ஓரினுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். முழங்காலைப் பார்த்துக்கொள்.

மெத்தைக்காரனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் அமோஸ் நான். விதிப் புத்தகத்தைக் கமிட்டி முன்னால் விரித்துப் போட்டுக் காட்டினேன். "ஒரு டக்கெட்" என்றுதான் எழுதியிருக்கிறது, ஆண்பிள்ளை என்று எங்கேயும் இல்லை. "தண்ணி ஐஸ் மாதிரி இருக்குமே, வெல்டா" என்றார்கள். இருக்கட்டும் என்றேன். வெண்டல் தன் தொப்பியைக் கொடுத்தான், பெரிதாக இருக்கிறது, உள்ளே காகிதம் வைத்துக்கொண்டேன்.

லாயிடிடம் எதுவும் சொல்லவில்லை.

உன்னை வா என்று இனிக் கேட்க மாட்டேன்.

வெல்டா


அஸ்டோரியா
20 ஜூன் 1991

அன்புள்ள அக்கா,

என் நலம் கிடக்கட்டும். உனக்கு ஐம்பத்து நாலு வயது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் இருமல் ஆகஸ்ட் வரை போகாது. உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள். விழும்போது வாயை மூடு. மூடத் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வினாடி மூடு.

கடைசிப் பேச்சில் என்ன சொல்லப்போகிறாய்? திட்டுவதானால் என் பெயர் சொல்லித் திட்டு. கேட்க நான் அங்கே இல்லை, கூச்சமில்லாமல் திட்டலாம். லாயிடை விட்டுவிடு. அவன் தப்பு எதுவும் செய்யவில்லை, ஒரு சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதான், அவ்வளவுதான்.

உடனே பதில் போடு.

ஓரின்


அஸ்டோரியா
9 ஜூலை 1991

அன்புள்ள அக்கா,

நீ நலமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. சளி பிடித்ததா?

நீ பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன், அக்கா. தீயணைப்பு வண்டிக்குப் பின்னால், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு. பள்ளிக்கூட வாத்தியக் கோஷ்டி இப்போதும் அதே சுருதியில்தான் தப்பாக வாசிக்கிறது.

நீ அந்தப் பெரிய தொப்பியோடு பலகை மேல் ஏறினாய். லாயிட் உன் அக்குளுக்குக் கீழே கயிற்றைக் கட்டினான், ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைக் கட்டுவதுபோல. நீ முதலில் குப்பை வண்டியைத் திட்டினாய், ஜனம் கைதட்டியது. பிறகு நீ கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாய். நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்தேன்.

நீ சொன்னது வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "இப்ப நான் சொல்றத யாரும் அடுத்த ஜூலை வரைக்கும் பொத்தி வைக்க வேணாம். அந்தச் சட்டத்தால ஒரு தடவை பட்டது போதும். இப்பவே பதில் சொல்லலாம். சொல்லித்தான் ஆகணும். லாயிட் ஹாலோவே, இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால எங்கிட்ட ஒண்ணு கேக்க நினைச்சியாம். நீ கேக்க மாட்டே, உன் குடும்பமே அப்படி. அதனால நான் கேக்கிறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

லாயிட் பிடியில் கை வைத்தபடி மரமாக நின்றான். அதே இடம், அதே நிலை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டாவது தடவையும் நானே உன்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்று தோன்றியது. வண்டிக்கு ஓடினேன். முழங்கால் வலித்தது என்பதே ஓரிகன் எல்லை தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

என்ன சொன்னான்? இல்லை என்றாலும் எழுது.

ஓரின்


பிட்டர் வெல்ஸ்
15 ஜூலை 1991

அன்புள்ள கழுதைக்கு,

நலம். சளி இல்லை. இருமல் இருக்கிறது, அது உன்னைத் திட்டும்போது மட்டும் வருகிறது.

ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதா உனக்கு? லாயிட் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரே நிமிஷம். எல்லோரும் மனதுக்குள் எண்ணியிருக்கிறார்கள், வெண்டல் நாற்பது வினாடி என்கிறான், வாத்தியக் கோஷ்டிக்காரர் அறுபது என்கிறார். "ஆமா" என்று சொல்ல வாயைத் திறந்தவன், சொல்கிற அவசரத்தில் கையில் இருந்த பிடியை இழுத்துவிட்டான். நான் தொட்டிக்குள். வாயை மூடவில்லை. தலையைத் தூக்கினால் எனக்குப் பக்கத்தில் மார்பில் குத்திய ஷெரீப் நட்சத்திரமும் பூட்ஸுமாக லாயிட் உட்கார்ந்திருக்கிறான், குதித்திருக்கிறான் மடையன். "ஆமா, வெல்டா. அன்னிக்கும் ஆமாதான். பல்லு கிடுகிடுக்குது, எழுந்திரிச்சுப் பேசலாமா?" என்றான். இதைக் காண நூற்று இரண்டு வருஷம் காத்திருந்த ஊர் கண்டது, நீ மட்டும் காணவில்லை.

பழைய மோதிரத்தைப் பற்றிக் கவிதை எதுவும் யோசிக்காதே. அதை அறுபத்தெட்டிலேயே விற்று டிராக்டருக்கு டயர் வாங்கினானாம். நல்ல காரியம் செய்தாய் என்றேன்.

உன்னை யாரும் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்? மேடையில் ஏறி நின்றால் ஊரில் எல்லாத் தலையும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன். நான் அந்தக் கேள்வியைக் கேட்கிற எண்ணத்தோடுதான் ஏறினேன். ஏறியதும் தைரியம் போய்விட்டது. குப்பை வண்டியோடு முடித்துக்கொண்டு விழுந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் உன்னைப் பார்த்தேன். ஐம்பத்தொரு வயது ஆம்பிளை, எனக்காகச் சந்தோஷப்பட்ட குற்றத்துக்காக இருபத்து நாலு வருஷம் ஒளிந்தவன், இன்னும் ஒளிந்துகொண்டு நிற்கிறாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குடும்பத்துக்கு ஒரு கோழை போதும் என்று தோன்றியது. வாயைத் திறந்துவிட்டேன்.

நான் சாத்திய கதவுக்கு நான் வருத்தப்படுகிறேன், ஓரின். மூன்று தடவைக்கும்.

கல்யாணம் ஆகஸ்ட் 24, சனிக்கிழமை, பதினோரு மணி. நாயையும் கூட்டி வா. லாயிட் கீழே ஏதோ எழுதுகிறேன் என்கிறான்.

உன் அக்கா,
வெல்டா

ஓரின்,

நலம். நீயும் நலமென்று நினைக்கிறேன். எனக்கு எழுத வராது. இந்த ஊர் இருபத்து நாலு வருஷமாக உன்னைப் பொய் சொல்லி அக்காவைக் கேலி செய்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் வாய் திறக்காததால் வந்தது. கல்யாணத்தன்று மோதிரம் போடுவதற்கு முன்னால் எழுந்து நின்று, ஓரின் டக்கெட் அன்று சொன்னது அத்தனையும் உண்மை என்று ஊர் முன்னால் சொல்லப்போகிறேன். அப்போது நீ முன்வரிசையில் இருக்க வேண்டும். நீ வரும்வரை நான் ஆரம்பிக்க மாட்டேன், எவ்வளவு நேரமானாலும் சரி.

லாயிட்